கெட்டில் ஏரியில் பதினைந்து மீன்

காலை எட்டரைக்கு ஓரின் ட்வேட் கேபின் சாவியைத் திருப்பிக் கொடுக்க ஆபீஸுக்கு வந்தார். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, ஏதோ புண்ணியம் செய்துவிட்டு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

"மிச்சம் இருந்த ஷைனர் இரைமீன எல்லாம் ஏரியில விட்டுட்டேன், மார்லிஸ். பாவம், அதுங்க எதுக்கு வாளியில கெடந்து சாகணும்."

வாய்க்குக் கொண்டுபோன காபியை நான் அப்படியே கீழே வைத்தேன்.

"எந்த ஏரியில?"

"இங்கதான். படகு கட்டுற குட்டையில. காலையில ஆறு மணி இருக்கும்."

எங்கள் ரிசார்ட் இரண்டு ஏரிகளுக்கு நடுவில் இருக்கிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய ஏரி. அங்கே உயிருள்ள குஞ்சுமீனைத் தூண்டிலில் கோத்துப் போடலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஓரின் வாரம் முழுக்க அங்கேதான் கிராப்பி மீன் பிடித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் கெட்டில் ஏரி. நாற்பது ஏக்கர், நல்ல ஆழம், ஜில்லென்ற தண்ணீர், ட்ரவுட் மீனுக்கென்றே ஒதுக்கியது. இங்கே ஷைனர் வாளியோடு படகில் ஏறினாலே அபராதம். அதைச் சொல்லி ஒன்பது பலகை அடித்து வைத்திருக்கிறேன். ஓரின் தங்கியிருந்த ஆறாம் கேபினிலிருந்து குட்டைக்குப் போகும் வழியில் மட்டும் மூன்று. மனிதர் மூன்றையும் தாண்டித்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

கிளம்புகிற நாளில் மிச்ச இரைமீனைத் தண்ணீரில் கொட்டிவிட்டுப் போவது இந்தப் பக்கத்துத் தூண்டில்காரர்களின் பழைய பழக்கம். கொல்ல மனசு வராது, குப்பையில் போடக் கை வராது. அப்படி வருஷக்கணக்காகக் கொட்டிக் கொட்டித்தான் கெட்டில் ஏரியில் ஷைனரும் பெர்ச் மீனும் பெருகி, ட்ரவுட்டுக்குத் தின்ன எதுவும் இல்லாமல் போனது. கடைசியில் பிடிபட்ட ட்ரவுட்டுகளில் தலை மட்டும்தான் இருந்தது, உடம்பைத் தேட வேண்டியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மீன்வளத் துறை ஏரியில் மருந்து ஊற்றி, இருந்த அத்தனை மீனையும் கொன்றது. அதற்குப் பிறகு வெறும் தண்ணீர்தான். மீன் இல்லாத ஏரிக்கு யார் வருவார்கள்? பத்துக் கேபினும் பூட்டிக் கிடந்தன. பெரிய படகை விற்றோம், என் புருஷன் ரூடியின் பனிவண்டியை விற்றோம். இன்றைக்குப் பத்து மணிக்குத்தான் துறையின் லாரி இரண்டாயிரம் ட்ரவுட்டோடு வருகிறது. அடுத்த சனிக்கிழமை ட்ரவுட் சீசன் திறக்கிறது. ஒன்பது கேபின் அதற்காகப் பதிவாகியிருந்தன.

ஏரியில் ஷைனர் இருக்கிறது என்று தெரிந்தால் லாரி அப்படியே திரும்பிவிடும். இன்னொரு தடவை மருந்தும் ஊற்ற மாட்டார்கள். அதை அவர்கள் எழுத்திலேயே கொடுத்திருக்கிறார்கள்.

"ஓரின், உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா தெரியாதா?" என்றேன்.

"ஏம்மா?"

"மூணு பலகை. சிவப்பு எழுத்து. என் கையால பெயின்ட் அடிச்சது. அதுல என்ன எழுதியிருக்குன்னு நெனச்சீங்க, மெனுவா?"

அவர் முகம் மெல்ல மாறியது. அவருக்கு எழுபத்தெட்டு வயது. முப்பத்தொரு வருஷமாக வருகிறார். ஏரியில் மருந்து ஊற்றிய வருஷம் வரை மனைவி லாயிஸோடு வந்தார். இந்தத் தடவை தனியாக.

"படகுல கொண்டுபோகக் கூடாதுன்னுதான நெனச்சேன். லாயிஸ் கடைசி நாள் இதத்தான் செய்வா. ஒவ்வொண்ணா கையில எடுத்து விடுவா. அவ ஞாபகமா..."

"லாயிஸ் மாதிரி ஆளுங்க செஞ்சதாலதான் இந்த ஏரியையே கொல்ல வேண்டி வந்துச்சு."

சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டேன், ஆனால் வருத்தப்படவில்லை. அவ்வளவு கோபம். கதவைத் திறந்து ரூடியைக் கத்திக் கூப்பிட்டேன்.

படகுக்குட்டை என்பது ரூடியின் அப்பா புல்டோசர் வைத்துத் தோண்டியது. ஒரு வாலிபால் மைதானம் அளவு இருக்கும். ஏரிக்குத் திறக்கும் வாய் பதினைந்து அடி அகலம். ஐஸ் உருகி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஏரித் தண்ணீர் கால் மரத்துப்போகும் குளிர். குட்டையில் தண்ணீர் ஆழமில்லை, வெயில் பட்டுக் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். பொடிமீன் அந்த வெதுவெதுப்பை விட்டுச் சீக்கிரம் போகாது. இருந்த ஒரே நம்பிக்கை அதுதான்.

ரூடி அதிகம் பேசுகிற ஆள் இல்லை. விஷயத்தைக் கேட்டான், ஓரினை ஒரு தடவை பார்த்தான், நெஞ்சு வரை வரும் ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு இழுவலையோடு தண்ணீரில் இறங்கிவிட்டான். முதல் வேலையாகக் குட்டையின் வாயைப் பழைய வலையொன்றால் அடைத்தோம். அடியில் கல் கட்டினோம்.

"எத்தனை?" என்றான் ரூடி.

"பதினஞ்சு" என்றார் ஓரின். கூடவே வந்து கரையில் நின்றுகொண்டிருந்தார். "நேத்து ரெண்டு டஜன் வாங்கினேன். ஒன்பது தூண்டில்ல போச்சு. மிச்சம் பதினஞ்சு."

"நிச்சயமா?"

"முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவன், ரூடி. ஒரு புள்ளையக்கூட எங்கயும் விட்டுட்டு வந்ததில்ல."

"இன்னிக்கு விட்டுட்டு வந்துட்டீங்களே" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

முதல் இழுப்பில் ஆறு வந்தன. தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் பக்கவாட்டில் தங்கநிறம் பளிச்சென்று தெரிந்தது. விரல் நீளம். அவற்றை வாளியில் போட்டு மூடினேன். இரண்டாவது இழுப்பில் மூன்று. மூன்றாவதில் பாசியும் ஒரு பழைய பீர் கேனும். ரூடி சேற்றில் கால் புதைந்து இழுத்து இழுத்து மூச்சு வாங்கினான். அவன் முழங்கால் போன வருஷமே டாக்டரிடம் காட்ட வேண்டியது. அதற்குக் காசு இல்லை என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒன்பது. இன்னும் ஆறு.

ஆபீஸுக்கு ஓடிப்போய்க் கம்பிக்கூடுகளை எடுத்து வந்தேன். இரண்டு பக்கமும் புனல் வாய் வைத்த உருண்டைக் கூடு. பொடிமீன் உள்ளே போகும், வெளியே வர வழி தெரியாது. உள்ளே வெள்ளை ரொட்டியும் நாய் பிஸ்கட்டும் போட்டு, குட்டையைச் சுற்றி ஐந்து கூடுகள் இறக்கினேன். நான் போட்ட முடிச்சு அவிழ்ந்துகொண்டே இருந்தது. ஓரின் கேட்காமலே இரண்டை வாங்கிக் கட்டினார். அவர் முடிச்சுதான் ஒழுங்காக இருந்தது.

பத்து மணி லாரி ஒன்பது ஐம்பதுக்கே வந்துவிட்டது. அரசாங்க வண்டி சீக்கிரம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கர்ட்டிஸ் லாப்ரேரி இறங்கினான். மீன்வளத் துறை ஆள். இந்த ஊர்ப் பையன், எங்கள் கேபின்களுக்குப் புல் வெட்டிக் கைச்செலவுக்குச் சம்பாதித்தவன். இப்போது நாற்பது வயது, சட்டையில் துறையின் முத்திரை. மற்ற நாளில் நான் அவனை நீ வா போ என்றுதான் பேசுவேன்.

"வாங்க கர்ட்டிஸ்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு குட்டையில் மார்பு வரை சேறு அப்பி நின்ற ரூடியைப் பார்த்தான். "வாங்கன்னு சொல்றீங்களே மார்லிஸ், என்ன ஆச்சு?"

மறைக்க எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பதினைந்து, ஆறு மணி, குட்டை, வாய் அடைத்தாயிற்று, ஒன்பது பிடித்தாயிற்று. யார் விட்டது என்று நான் சொல்லவில்லை. ஓரினே முன்னால் வந்து, "நான்தான்பா" என்றார்.

கர்ட்டிஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"ரெண்டு வருஷம் முன்னாடி இந்த ஏரியில மருந்து ஊத்துன ஆள்ல நானும் ஒருத்தன். நாலு நாள் செத்த மீன அள்ளினேன். வீட்டுக்குப் போனா என் நாய்கூடப் பக்கத்துல வரல. அந்த வேலைய இன்னொரு தடவ செய்ய மாட்டேன். செய்யவும் விட மாட்டாங்க."

"தெரியும்."

"தொட்டித் தண்ணி சூடு வேற, உங்க ஏரி சூடு வேற. ரெண்டையும் சமப்படுத்த எப்படியும் ரெண்டு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் உங்களுக்கு டைம். பன்னண்டு மணிக்குப் பதினஞ்சும் வாளியில இருந்தா குழாயத் திறப்பேன். ஒண்ணு கொறஞ்சாலும் அடுத்த ஏரிக்குப் போயிட்டே இருப்பேன். அங்க போக ஒன்றரை மணி நேரம். ஆக்சிஜன் அதுக்கு மேல தாங்காது."

"ஒண்ணே ஒண்ணு கொறஞ்சாலுமா?"

"ஒண்ணு எங்கயோ இருக்குன்னு தெரிஞ்சா, ரெண்டு இல்லைன்னு எனக்கு யார் சொல்லுவா?"

அவன் பம்பை இறக்கி, ஏரித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிக்குள் ஏற்ற ஆரம்பித்தான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வெப்பமானியை விட்டுப் பார்ப்பான். ஏணியில் ஏறி மூடியைத் திறந்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் முழங்கை நீளம், கறுப்புப் புள்ளி போட்ட முதுகுகள் நெருக்கியடித்துக்கொண்டு ஒரே திசையில் நின்றன. இரண்டு வருஷமாக நான் பார்க்காத மீன். அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு இறங்கினேன்.

பத்தரைக்கு முதல் கூட்டைத் தூக்கினோம். காலி. இரண்டாவதில் ஒன்று. மூன்றாவதில் இரண்டு. பன்னிரண்டு. மற்ற இரண்டிலும் ரொட்டி ஊறிக்கொண்டிருந்தது.

பதினொன்று ஐந்துக்கு ரூடி படகுகளைத் தள்ளிவிட்டு அவற்றின் அடியில் வலை விட்டான். ஒன்று. பதினொன்றரைக்கு இன்னொன்று, கூட்டில். பதினான்கு. ரூடியின் உதடு நீலமாகிவிட்டது. வெளியே வா என்று சொன்னேன். வரவில்லை.

பதினொன்று நாற்பது. மீன் விடுவதை வேடிக்கை பார்க்கவென்றே முதல் நாள் இரண்டாம் கேபினுக்கு வந்திருந்த குடும்பம் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. அந்த அம்மாள் என்னிடம், "எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டாள். நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

கர்ட்டிஸ் பம்பை நிறுத்தினான். "சூடு சமமாயிடுச்சு" என்றான். கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் பார்த்தான்.

அப்போது ஓரின் படகு கட்டும் மரத்துறையின் பலகைமேல் குப்புறப் படுத்தார். எழுபத்தெட்டு வயது மனிதர், இஸ்திரி போட்ட சட்டையோடு. இரண்டு பலகைக்கு நடுவில் கண்ணை வைத்துக் கீழே பார்த்தார்.

"இங்க ஒண்ணு இருக்கு" என்றார், மூச்சை விடாமல். "தூணுக்குப் பக்கத்துல. நகராதீங்க யாரும்."

யாரும் நகரவில்லை. ஓரின் கைவலையைத் தண்ணீருக்குள் அங்குலம் அங்குலமாக இறக்கினார். எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. ரூடி ஒரு காலைத் தூக்கியபடி நின்றான். தோள் வரை தண்ணீருக்குள் போயிருந்த கை சடாரென்று மேலே வந்தது. வலைக்குள் தங்கநிறம் துடித்தது.

பதினைந்து.

கரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ரூடி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். கர்ட்டிஸ் வாளிக்குள் கை விட்டு ஒவ்வொன்றாக எண்ணினான், இன்னொரு தடவை எண்ணினான். நிமிர்ந்தபோது சிரித்தான். காலையிலிருந்து அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. லாரிக்குள்ளிருந்து அட்டையில் செருகிய காகிதத்தை எடுத்து வந்தான்.

"இந்தத் தண்ணியில வேற மீன் இல்லைன்னு ரிசார்ட்காரங்க கையெழுத்து போடணும். கீழ நான் ஒரு வரி சேர்த்திருக்கேன். தவறுதலா விட்ட இரைமீன் முழுசும் பிடிச்சாச்சுன்னு."

பேனாவை வாங்கினேன். குனிந்தபோது காலடியில் ஓரினின் காலி வாளி கிடந்தது. அதன் பக்கத்தில் என் அக்கா வெர்னாவின் கடைப் பெயர்.

வெர்னாவின் இரைமீன் கடையில் கல்யாணத்துக்கு முன்னால் பதினோரு வருஷம் நான் நின்றிருக்கிறேன். அங்கே டஜன் எப்படி அளப்பது என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு வரை வாய்விட்டு எண்ணிப் போட வேண்டும். பிறகு எண்ணாமல், வலையால் இன்னொரு அள்ளு. வழியில் சாகிறவற்றுக்காக அந்தக் கொசுறு. இந்தப் பக்கத்தில் எல்லாக் கடையிலும் உண்டு, ஆனால் வெர்னாவின் கை கொஞ்சம் தாராளம். பழைய வாடிக்கை என்றால் இன்னும் தாராளம். மனைவியை இழந்து தனியாக வந்து நிற்கிற ஓரினுக்கு அவள் எவ்வளவு அள்ளியிருப்பாள் என்று எனக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

சாகாமல் இருந்த கொசுறு எங்கே போயிருக்கும்?

இதெல்லாம் யோசிக்க எனக்கு இரண்டு விநாடி ஆகியிருக்கும். கர்ட்டிஸ் காத்திருந்தான். எல்லாமே செத்திருக்கலாம் என்று எனக்கு நானே சொன்னேன். ஓரின் எண்ணித்தானே சொல்கிறார் என்று சொன்னேன். அவர் எண்ணியது இருபத்து நான்கிலிருந்து கழித்துத்தான், வாளிக்குள் பார்த்து அல்ல என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒன்பது கேபின் என்று நினைத்தேன். ரூடியின் முழங்கால் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டேன். மார்லிஸ் ஹாப்பலா. என் கையெழுத்து எப்போதும் போல நன்றாகத்தான் விழுந்தது.

கர்ட்டிஸ் அகலமான குழாயைத் தொட்டியின் வாயில் மாட்டி, மறுமுனையை ஏரிக்குள் இறக்கினான். கரையில் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். அவன் திருகுப்பிடியில் கை வைத்தபடி, பேச்சுவாக்கில் ஓரினிடம் கேட்டான்.

"ரிப்போர்ட்ல எழுதணும். எந்தக் கடையில வாங்கினீங்க?"

"வெர்னா கடைதான். இவளோட அக்கா." ஓரின் ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். குரலில் நிம்மதி. "தங்கமான மனுஷி. நீ கேட்கவே வேணாம், எப்பவும் மேல ஒரு அள்ளு போட்டுத்தான்..."

அங்கே நிறுத்தினார்.

கர்ட்டிஸின் கை பிடியிலேயே இருந்தது. திருகவில்லை. தலையைத் திருப்பி என்னைத்தான் பார்த்தான்.

"அப்படியா, மார்லிஸ்?"

ஓரின் என் முகத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பதை நான் கண்ணால் கண்டேன். முப்பது வருஷம் கண்ணாடியில் பின்னால் இருக்கிற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து யார் என்ன செய்தது என்று கண்டுபிடித்தவர் இல்லையா.

"இல்லப்பா, இந்தத் தடவ போடல" என்றார் அவர். "கடையில கூட்டம். வேற யாரோ வந்து நின்னாங்க. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். சரியா இருபத்திநாலு."

பொய் சொல்லத் தெரியாத மனிதர். காது இரண்டும் சிவந்துபோய், கர்ட்டிஸைப் பார்க்காமல் லாரியின் டயரைப் பார்த்துச் சொன்னார். மே முதல் வாரத்தில், வாரநாளில், வெர்னா கடையில் கூட்டமாம்.

கர்ட்டிஸுக்கும் அது பொய் என்று தெரிந்திருக்கும். ஆனால் அவன் விடியற்காலையில் எழுந்து ஓட்டி வந்தவன், தண்ணீரைச் சமப்படுத்தியவன், இரண்டாயிரம் மீன் இங்கே இறங்க வேண்டும் என்று எங்களைப் போலவே ஆசைப்பட்டவன். யாராவது ஒருவர் சரி என்று சொன்னால் போதும் என்று நின்றான்.

"அப்ப சரியா இருக்கு?" என்றான் என்னிடம்.

காலையிலிருந்து இந்த மனிதரை நான் என்னவெல்லாம் பேசினேன். செத்துப்போன பெண்ணையும் விடவில்லை. அவர் தெரியாமல் செய்தார். நான் தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். இப்போது எனக்காக அவர் இந்த வயதில் அரசாங்க ஆளிடம் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறார். எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்தது. மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"கைய எடு, கர்ட்டிஸ்" என்றேன்.

"என்ன?"

"பிடியிலேர்ந்து கைய எடு. அவர் எனக்காகப் பொய் சொல்றார். வெர்னா கொசுறு போடாம யாரையும் அனுப்ப மாட்டா. கையெழுத்து போடும்போதே எனக்குத் தெரியும்."

ரூடி தண்ணீரில் இருந்தபடியே என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

கர்ட்டிஸ் குழாயைக் கழற்றினான். நிதானமாகச் சுருட்டி லாரியில் ஏற்றினான். அட்டையிலிருந்து அந்தக் காகிதத்தை உருவி நான்காக மடித்து என் கையில் கொடுத்தான்.

"இத நீங்களே வச்சுக்கோங்க. நான் வாங்கல." பிறகு, "அக்டோபர்ல ஒரு லோடு இருக்கு. அதுவரைக்கும் குட்டைய அடைச்சே வைங்க, கூடு போட்டுட்டே இருங்க. செப்டம்பர்ல நான் வந்து ஏரி முழுக்க வலை விட்டுப் பார்ப்பேன். ஒண்ணும் சிக்கலைன்னா கொண்டுவர்றேன். சிக்குச்சுன்னா என்னால முடியாது."

"செப்டம்பர் வரைக்கும் நாங்க இருக்கணுமே" என்றேன்.

அவன் லாரியில் ஏறிக் கதவைச் சாத்தினான். லாரி மேட்டில் ஏறும்போது மூடியின் ஓரமாகத் தண்ணீர் சிந்தி ரோட்டில் கோடு போட்டது. பிள்ளைகளில் ஒன்று, "மீனெல்லாம் எங்க போகுது?" என்று கேட்டது. அதன் அம்மா அதைக் கேபினுக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

ரூடி ரப்பர் உடையைக் கழற்றிவிட்டு ஆபீஸுக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாக அவன் போனில் பேசுவது கேட்டது. "இல்ல, சனிக்கிழமை மீன் இருக்காது. எங்க தப்புதான். முன்பணத்த அனுப்பிடறோம்." ஒவ்வொரு கேபினுக்கும் அதையே சொன்னான். பேசப் பிடிக்காத மனிதன், ஒன்பது தடவை. ஒரு தடவைகூட என் பெயரைச் சொல்லவில்லை.

நான் வெர்னாவைக் கூப்பிட்டேன். எத்தனை போட்டாய் என்று கேட்டேன்.

"யார் எண்ணினா? ஒரு நல்ல அள்ளு. பாவம், ஒத்தையா வந்து நின்னாரு. ஏண்டி?"

"ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டேன்.

ஓரின் கிளம்பியிருப்பார் என்று நினைத்தேன். அவர் ஊருக்கு ஐந்து மணி நேரம் ஓட்ட வேண்டும். வெளியே வந்தபோது உலர்ந்த சட்டை மாற்றிக்கொண்டு மரத்துறையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முழு ரொட்டி ஒன்று.

"நீங்க போங்க ஓரின். நாங்க பார்த்துக்கறோம்."

"போறேன், போறேன்" என்றார். போகவில்லை.

மூன்று மணிக்குக் கூடுகளைத் தூக்கினோம். முதலாவது காலி. இரண்டாவது காலி. மூன்றாவதன் கயிற்றை நான்தான் இழுத்தேன். கூடு தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் உள்ளே தங்கநிறம் இரண்டு தடவை பளிச்சிட்டது.

இரண்டு. ஒன்றின் வயிறு உப்பியிருந்தது. கையில் எடுத்து லேசாக அழுத்தினேன். முட்டை வந்து என் விரலில் ஒட்டியது.

பலகைமேல் உட்கார்ந்து யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல் அழுதேன். சந்தோஷம் இல்லை, துக்கமும் இல்லை, பயம். மத்தியானம் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு கர்ட்டிஸ் அந்தப் பிடியைத் திருகியிருந்தால், குட்டையின் வாயில் கட்டிய வலையை அவிழ்த்திருப்போம், இந்த ஏரியை இரண்டாவது தடவை கொன்றவள் நானாக இருந்திருப்பேன். இன்னும் எத்தனை உள்ளே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு நல்ல அள்ளு, அவ்வளவுதான் கணக்கு.

ஓரின் ரொட்டியைப் பிய்த்துக் கூட்டுக்குள் போட்டு, மறுபடி தண்ணீருக்குள் இறக்கினார். பிறகு அடுத்த கயிற்றைப் பிடித்தார்.

"ஒரு கை குடு, மார்லிஸ். இது எதுலயோ மாட்டிக்கிச்சு."

மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்ப் பிடித்தேன்.